“எங்க ஆளுகளை ஏன் இப்படிக் காட்டுறாங்க?” – மதம், கதை, சினிமா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. நாவல் படித்துவிட்டுப் பேசினாலும் சரி, படம் பார்த்துவிட்டுப் பேசினாலும் சரி, பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கும். தலைப்பில் இருக்கும் அந்தக் கேள்வியை ஒரு முறை காஜிமார் தெருக்காரர் கேட்பார், அடுத்த முறை அரசரடியிலிருந்து வரும் கிறிஸ்தவ அக்கா கேட்பார், அதற்கடுத்த மாதம் அழகர்கோயில் பக்கத்துப் பூசாரி வீட்டுப் பையன் கேட்பான். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். பதில்களுக்கு நான் மட்டுமே பொறுப்பு. வட்டத்தில் இவற்றை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு.

கதைதானே, சினிமாதானே. இதற்குப் போய் ஏன் இவ்வளவு கோபம்?

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. எத்தனை படங்களில் நம் ஊரை அருவாளும் கையுமாகக் காட்டியிருக்கிறார்கள்! சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போன நம் பிள்ளைகளிடம், “மதுரையா? அப்ப அருவா எங்கே?” என்று கேட்காத ஆள் உண்டா? முதல் தடவை சிரிப்போம். பத்தாவது தடவை எரிச்சல் வரும்.

ஒரு ஊருக்கே இப்படி என்றால், மதத்தின் பெயரால் அடையாளம் காணப்படுகிறவருக்கு இது வீட்டு வாசல்வரை வந்துவிடுகிறது. மதுரைக்காரன் என்பதற்காக எனக்கு யாரும் வாடகைக்கு வீடு தர மறுத்ததில்லை. என் முஸ்லிம் நண்பர் ஒருவர் பெயரைச் சொன்னதுமே “வீடு முடிஞ்சிருச்சுங்க” என்று மூன்று இடங்களில் சொன்னார்கள். அந்த வீட்டுக்காரர்களில் எத்தனை பேர் முஸ்லிம்களோடு பழகியிருப்பார்கள்? பழகாதவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் திரையில் பார்த்ததுதான். கோபம் அங்கேயிருந்துதான் வருகிறது.

முஸ்லிம்கள் குறிப்பாக எதைக் குறை சொல்கிறார்கள்?

பெரும்பாலும் மூன்று விஷயங்கள். முதலில் பேச்சு. தமிழ் முஸ்லிமின் தாய்மொழி தமிழ். உமறுப்புலவர் சீறாப்புராணத்தைத் தமிழ் விருத்தத்தில்தான் பாடினார். நெல்பேட்டையிலும் மகபூப்பாளையத்திலும் ராவுத்தர் வீடுகளில் கேட்கிற தமிழ், பக்கத்து வீட்டில் கேட்கிற அதே மதுரைத் தமிழ். ஆனால் திரையிலும் மேடையிலும் “நம்பள்கி, நிம்பள்கி” என்றுதான் பேச வைத்தார்கள்.

நானும் அதைச் செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதினேன். அதில் துணிக்கடை பாய் ஒருவர் வருவார். அவர் வாயைத் திறந்தாலே கைதட்டல். என் முஸ்லிம் நண்பரின் அத்தா, அதாவது அப்பா, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரே நெல்பேட்டையில் துணி வியாபாரம் செய்தவர். நாடகம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லா இருந்துச்சு தம்பி. ஆனா நம்ம வீட்டுல யாருப்பா இப்படிப் பேசுறா? நீ வந்து சாப்பிட்டிருக்கியே” என்றார். குரலை உயர்த்தவில்லை. அந்த வீட்டில் எத்தனையோ நோன்புக் கஞ்சி குடித்திருக்கிறேன். அவர் பேச்சு என் காதில் அத்தனை நாளும் விழுந்திருக்கிறது. எழுத உட்கார்ந்தபோது மட்டும் அது எனக்கு ஞாபகம் வரவில்லை, சினிமாக்காரர் பேசியதுதான் வந்தது. இன்றும் அதை நினைத்தால் மனசு சுருங்குகிறது.

இரண்டாவது, தீவிரவாதி வேடம். தொழுகைக் காட்சி, உடனே துப்பாக்கி. பாங்கு ஒலி, உடனே குண்டுவெடிப்பு. தீவிரவாதியைக் கதையில் கொண்டுவரக் கூடாது என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. “தொழுகையை எதுக்கு அது பக்கத்துல கொண்டாந்து வைக்கிறாங்க?” என்றுதான் கேட்கிறார்கள். ஒரு நாளில் ஐந்து வேளை செய்கிற காரியம் அது. பார்க்கிறவருக்கு அதன் மீதே பயம் வரும்படி செய்துவிட்டால், அப்புறம் ரயிலில் ஒருவர் துண்டை விரித்தாலும் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். 2013-ல் விஸ்வரூபம், 2022-ல் பீஸ்ட் ஆகிய படங்களுக்கு வந்த எதிர்ப்புகளில் இந்தக் குறைதான் மையம்.

மூன்றாவது, சரித்திரக் கதை. மதுரையைச் சுல்தான்கள் ஆண்டது 1335 முதல் ஏறத்தாழ 40 ஆண்டுகள். அந்தப் படையெடுப்பின் கொடுமைகளை எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் சில நாவல்களில் சுல்தானின் குணம் அப்படியே வழிந்து எல்லா முஸ்லிம்கள் மீதும் படிந்துவிடுகிறது. கோரிப்பாளையம் தர்காவுக்கான பழைய கொடையை 1573-ல் வீரப்ப நாயக்கர் உறுதிசெய்து கல்வெட்டு வெட்டிக்கொடுத்தார். நாயக்க மன்னர் செய்த இந்தக் காரியம் ஏன் எந்த நாவலாசிரியர் கண்ணிலும் படமாட்டேன் என்கிறது?

நல்ல முஸ்லிம் பாத்திரமும்தான் வருகிறதே?

வருகிறது. கதாநாயகனின் நண்பனாக வந்து, இடைவேளைக்கு முன் அவனுக்காகச் செத்துப்போகிறது.

கிறிஸ்தவர்களுக்கு என்ன குறை?

அரசரடி அக்கா அடிக்கடி சொல்வது: “எங்களை ஒண்ணு ஃபாதர் ஆக்குறாங்க, இல்லாட்டி கிளப் டான்ஸ் ஆட விடுறாங்க.” பழைய படங்களில் குட்டைப் பாவாடைக்கும் மதுப் புட்டிக்கும் ஒரு ஸ்டெல்லாவோ ரோஸியோதான் வேண்டியிருந்தது. கிராமத்துக் கிறிஸ்தவப் பெண்கள் பூ வைத்து, பொட்டு இல்லாமல், கண்டாங்கி கட்டிக்கொண்டு ஜெபத்துக்குப் போவதை அந்தப் படங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா?

அப்புறம் அசட்டை. சீர்திருத்தச் சபையான சி.எஸ்.ஐ.யைச் சேர்ந்தவர் வீட்டுச் சுவரில் மாதா படம், கையில் ஜெபமாலை. கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தச் சபையாருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். அதைவிடப் பெரிய குறை, குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனக் காட்சிகள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் உயிர் போனாலும் வெளியே சொல்லக் கூடாது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் கடுமையான விதி. படத்தில் ஃபாதர் நேராகப் போலீசுக்குப் போன் போடுகிறார். விசுவாசிக்கு அது எத்தனை பெரிய துரோகமாகப் படும் என்று எழுதியவருக்குத் தெரியவே இல்லை.

ராபர்ட் டி நொபிலி 1606-ல் மதுரைக்கு வந்து தமிழும் சமஸ்கிருதமும் கற்றுக் காவி உடுத்தியவர். நானூறு வருடமாக இங்கேயே இருக்கிற ஒரு மதத்தை இன்னும் வெளிநாட்டுச் சரக்காகக் காட்டுவது அவர்களை வருத்துகிறது.

இந்துக்கள் பெரும்பான்மைதானே. அவர்களுக்கும் குறை இருக்க முடியுமா?

இருக்கிறது. ஆனால் எல்லா இந்துக்களின் குறையும் ஒன்றல்ல. 2023 டிசம்பரில் வந்த அன்னபூரணி படத்தில் ராமர் இறைச்சி உண்டதாக வரும் வசனத்துக்கு எதிர்ப்பு வந்து, 2024 ஜனவரியில் அது நெட்ஃபிளிக்ஸிலிருந்து எடுக்கப்பட்டது. நயன்தாரா வருத்தம் தெரிவித்தார். இந்த மாதிரிச் சர்ச்சைகள் செய்தியில் வரும். செய்தியில் வராத குறை ஒன்றைச் சொல்கிறேன்.

அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பு இருக்கிறார். உருவம் கிடையாது. சந்தனம் பூசிய, பூட்டிய கதவுகளுக்குத்தான் பூசை. இந்தக் கதவுக்கு முன்னால் நின்று பொய் சொல்ல ஆள் நடுங்குவான். கடன் தகராறும் வரப்புத் தகராறும் இந்த வாசலில் சத்தியம் செய்து தீர்ந்திருக்கின்றன. அந்தக் கருப்பைப் படங்களில் எப்படிக் காட்டுகிறார்கள்? பேய்ப்படத்தில் பின்னணி இசைக்கு. சாமியாடி என்றால் பித்தலாட்டக்காரன், கோடாங்கி என்றால் செய்வினைக்காரன், கெடா வெட்டு என்றால் ரத்தவெறி.

பூசாரி வீட்டுப் பையன் ஒரு நாள் சொன்னான்: “எங்க தாத்தா சாமியாடுறதுக்கு முன்னாடி பதினைஞ்சு நாள் விரதம் இருப்பாரு. செருப்புப் போட மாட்டாரு. அவரை வில்லனாக் காட்டுறாங்க. எங்களுக்காகக் கேஸ் போட எந்த அமைப்பும் வரல.” பெரிய தெய்வத்துக்கு ஒரு நியாயம், குலசாமிக்கு ஒரு நியாயமா என்ற அவன் கேள்வி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எதிர்ப்புக் குரல் எழுப்பக்கூட ஆள்பலம் வேண்டியிருக்கிறது.

சமணர்களைப் பற்றி மதுரையில் ஏன் பேச வேண்டும்? இங்கே இப்போது அவர்கள் அதிகம் இல்லையே?

அதனால்தான் பேச வேண்டும். ஒரு மதத்தாரைப் பிறர் எழுதிய கதை என்ன செய்யும் என்பதற்கு நம் காலடியிலேயே இருக்கிற சாட்சி இது.

கதை எல்லோருக்கும் தெரியும். ஏழாம் நூற்றாண்டு. பாண்டியன் நின்றசீர் நெடுமாறனுக்கு வெப்பு நோய். அரசி மங்கையர்க்கரசியார் அழைக்கச் சம்பந்தர் வருகிறார். திருநீற்றால் நோய் தீர்கிறது. பிறகு சமணரோடு அனல் வாதம், புனல் வாதம்: ஏட்டைத் தீயிலும் ஆற்றிலும் இட்டுப் பார்க்கும் போட்டி. சம்பந்தரின் ஏடு வைகையை எதிர்த்து நீந்தித் திருவேடகத்தில் கரையேறுகிறது. தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறுகிறார்கள். சேக்கிழார் இதைப் பெரியபுராணத்தில் பாடியது 12-ம் நூற்றாண்டில். நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஐந்நூறு வருடம் கழித்து. சம்பந்தர் பதிகங்களில் பத்தாம் பாட்டில் சமணரையும் பௌத்தரையும் சாடுவது வழக்கம். ஆனால் கழுவேற்றத்தை அவர் பாடவில்லை. சமணர்களின் நூல்களிலும் அப்படி ஒரு படுகொலை பதிவாகவில்லை. அதனால்தான் வரலாற்று ஆய்வாளர்கள் பலரும் இதை நடந்த நிகழ்ச்சியாக ஏற்கத் தயங்குகிறார்கள்.

நம்பாதவர்கள் சமணர் மலை இருக்கும் கீழக்குயில்குடிக்கு ஒரு நடை போய்வரட்டும். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஐயனார் கோயில். மேலே ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். தென்மேற்குப் பக்கம் செட்டிப்பொடவில் முக்குடையின் கீழ் அமர்ந்த, சமணர்கள் வணங்கும் பெரிய தீர்த்தங்கரர். நீண்ட காதைப் பார்த்துவிட்டு ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் ஆக்கிவிட்டார்கள். இந்தச் சிற்பங்களின் காலம் 9, 10-ம் நூற்றாண்டுகள். அதாவது, கதைப்படி சமணம் அழிந்துபோன பிறகு இருநூறு முந்நூறு வருடம் கழித்து. வட்டெழுத்தில் கொடையாளர் பெயர்கள் இருக்கின்றன. செழிப்பாக இருந்திருக்கிறார்கள்.

வந்தவாசி, திண்டிவனம், செஞ்சிப் பக்கம் தமிழ்ச் சமணர்கள் இன்றும் இருக்கிறார்கள். மேல்சித்தாமூரில் அவர்கள் மடம் இருக்கிறது. நாலடியாரையும் சீவகசிந்தாமணியையும் தமிழுக்குத் தந்தவர்கள் சமணர்கள். அங்கிருந்து வந்த ஒரு பெரியவரை மலைக்குக் கூட்டிப்போனேன். தீர்த்தங்கரர் முன்னால் கண்ணை மூடி நின்றுவிட்டு, இறங்கும்போது மெதுவாகக் கேட்டார்: “மதுரைன்னா எங்க பிள்ளைகளுக்கு எது ஞாபகம் வரும்னு நினைக்கிறீங்க? கழுமரம்தான்.” பெரியபுராணம் எனக்குப் பிரியமான நூல். சேக்கிழாரின் தமிழுக்கு நான் அடிமை. ஆனாலும் அந்தப் பெரியவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அப்படியானால் பிற மதத்தாரைப் பற்றி நாம் கதையே சொல்லக் கூடாதா?

சொல்லலாம். சித்திரைத் திருவிழாவில் ஆற்றில் இறங்கும் அழகர் வண்டியூருக்குப் போகிறார். ஏன் என்று பாட்டிகளைக் கேளுங்கள். “துலுக்க நாச்சியாரைப் பார்க்க” என்பார்கள். ஒரு முஸ்லிம் பெண்ணைப் பெருமாளுக்கு நாச்சியார் ஆக்கிய கதை அது. நடந்ததா என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பெண்ணை உயரத்தில் வைத்துச் சொன்ன கதை, அதனால் நிலைத்தது.

சாமியே இல்லை என்று சொல்லும் படங்கள்? அவையும் புண்படுத்துகின்றனவே.

நம்பிக்கையைக் கேள்வி கேட்பது வேறு, நம்புகிற மனிதரை இழிவாகக் காட்டுவது வேறு. முதலாவதற்குத் தமிழில் நீண்ட மரபு உண்டு. சித்தர்கள் கேட்காத கேள்வியா? 1952 தீபாவளிக்கு வந்த பராசக்தியை எதிர்த்தார்கள், தடை கேட்டார்கள். தடை வரவில்லை. மதுரையில் அப்போது புதிதாகத் திறந்த தங்கம் தியேட்டரின் முதல் படமே அதுதான். அதைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் மீனாட்சியைக் கும்பிடப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். ஒரு கேள்வியைத் தாங்க முடியாத அளவுக்கு நம் பக்தி பலவீனமானது என்று நான் நினைக்கவில்லை.

சென்சார் சான்றிதழ் வாங்கிய படத்தை மாநில அரசு நிறுத்த முடியுமா?

சட்டத்தில் வழி இருக்கிறது. 1955-ம் ஆண்டின் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி, அமைதிக்குப் பங்கம் வரும் என்றால் அரசோ கலெக்டரோ திரையிடலை நிறுத்திவைக்கலாம். 2006-ல் டாவின்சி கோட் படத்தை அப்படி நிறுத்தினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. 2013-ல் விஸ்வரூபத்துக்கு 144 தடை உத்தரவு. தனி நீதிபதி தடையை நீக்கினார், மறுநாளே டிவிஷன் பெஞ்ச் அதை நிறுத்தியது. கடைசியில் முஸ்லிம் அமைப்புகளும் கமல்ஹாசனும் உட்கார்ந்து பேசினார்கள். ஏழு இடங்களில் வெட்டும் ஒலிநீக்கமும் செய்து, பிப்ரவரி 7-ல் படம் வெளியானது.

உச்ச நீதிமன்றம் 1989-லேயே இதில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரே ஒரு கிராமத்திலே என்ற தமிழ்ப் படம் தொடர்பான ரங்கராஜன் வழக்கு அது. போராட்டம் நடத்துவோம், கலவரம் வரும் என்று மிரட்டுகிறார்கள் என்பதற்காகப் படத்தை நிறுத்தக் கூடாது. பாதுகாப்புத் தருவது அரசின் கடமை, முடியவில்லை என்று கைவிரிக்க முடியாது. படத்துக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் தீப்பொறி போல நேரடியாக இருக்க வேண்டும். என் நிலையும் இதுதான். புண்பட்டவரின் பக்கம் நான் நிற்பேன், தடை கேட்கும்போது நிற்க மாட்டேன்.

நாவலுக்கும் இதே விதியா?

புத்தகத்துக்குச் சென்சார் இல்லை. அதனால் நெருக்கடி தெருவிலிருந்து வருகிறது. 2010-ல் வெளியான பெருமாள்முருகனின் மாதொருபாகன் நாவலுக்கு 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின், தனக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் அறிவித்தார். 2016 ஜூலை 5-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பேச்சுவார்த்தையின் முடிவு அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்காவிட்டால் படிக்காமல் இருக்கலாம் என்றும், எழுத்தாளர் மீண்டெழுந்து எழுதட்டும் என்றும் தீர்ப்பில் சொன்னது. இடையில் ஒன்றரை வருடம் ஒருவர் பேனாவை மூடி வைத்திருந்தார். அதை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

மதத்தைப் புண்படுத்தினால் ஜெயில் என்கிறார்களே?

முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 295-ஏ. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 299. மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. ஆனால் திட்டமிட்டு, தீய நோக்கத்தோடு செய்திருக்க வேண்டும். தெரியாமலோ அசட்டையாலோ செய்தது இதில் வராது என்று 1957-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள அரசின் அனுமதியும் வேண்டும். மனம் புண்பட்டது என்பது மட்டும் குற்றத்துக்குப் போதாது.

நியாயமான புகார் இருந்தால் எங்கே கொடுப்பது?

ஓடிடி என்றால் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2021-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் சுய ஒழுங்குமுறை அமைப்பு, அதற்கு மேல் மத்திய அரசு. டிவி சீரியலுக்கும் இதே மூன்று படிதான். முதலில் சேனலுக்கே எழுத வேண்டும். மதங்களையும் சமூகங்களையும் தாக்கும் நிகழ்ச்சி கூடாது என்று கேபிள் டிவி விதிகளே சொல்கின்றன. சினிமாவுக்குத் தணிக்கை வாரியம், முடியாவிட்டால் உயர் நீதிமன்றம். நம் பக்கத்துக்கு ஒத்தக்கடை அருகிலுள்ள மதுரைக் கிளை.

எழுதும்போது காட்சியைச் சொல்லுங்கள். எத்தனையாவது நிமிடம், என்ன வசனம், உங்கள் வழக்கத்தில் உண்மையில் அது எப்படி. “எங்கள் சமூகமே கொதித்துப்போயிருக்கிறது” என்ற வரியை எடுத்துவிடுங்கள். அந்த வரியால் ஒரு காட்சி மாறி நான் பார்த்ததில்லை.

படத்தைப் பார்க்காமலே எதிர்க்கலாமா?

கூடாது.

அந்தந்த மதத்தாரே அவரவர் கதையை எழுதிக்கொண்டால் பிரச்சினை தீருமா?

தீராது. துவரங்குறிச்சியில் வளர்ந்த சல்மா முஸ்லிம் பெண்களின் வீட்டுக்குள் நடப்பதை எழுதியபோது, வீட்டுக்குத் தெரியாமல் புனைபெயரில்தான் எழுத முடிந்தது. உள்ளேயிருந்து வரும் குரலைத்தான் “நீயே காட்டிக்கொடுக்கலாமா” என்று முதலில் அடக்குகிறார்கள். வெளியார் எழுதிய பொய்யை எதிர்க்கிற அதே வேகத்தில் உள்ளிருப்பவர் சொன்ன உண்மையையும் எதிர்த்தால், அந்த எதிர்ப்பின் மீது எனக்கு மரியாதை குறைந்துவிடும்.

எழுதுகிறவர்களுக்கு நீங்கள் சொல்வது?

போய் உட்காருங்கள். ஒரு பாத்திரம் தர்காவுக்குப் போகிறது என்றால் கோரிப்பாளையத்தில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து பாருங்கள். எழுதியதை அந்த வீட்டு ஆள் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அனுமதிக்காக அல்ல, அவர் முகம் எங்கே மாறுகிறது என்று பார்ப்பதற்காக. மாறிய இடத்தில் நீங்கள் எழுதியது சரி என்று தோன்றினால் அப்படியே விடுங்கள். அது உங்கள் உரிமை.

எதிர்ப்புக்குப் பிறகு யாராவது உண்மையிலேயே மாற்றி எழுதியிருக்கிறார்களா?

என்னைப் பற்றி மட்டும்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அந்த நாடகத்தை மறு வருடம் இன்னொரு பள்ளியில் கேட்டார்கள். நோட்டை எடுத்துக்கொண்டு நண்பரின் அத்தாவிடம் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனாவை வாங்கி, பாய் பேசும் வரிகளை ஒவ்வொன்றாக அடித்தார். அப்புறம், தான் கடையில் பேசுவது போலவே சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். “வாங்கம்மா, உள்ள வந்து பாருங்க. சாயம் போகாது. போச்சுன்னா கொண்டாந்து என் மேல போர்த்திட்டுப் போங்க.” மேடையில் பையன் அதைச் சொன்னபோது, பழைய வரிக்குச் சிரித்த அதே இடத்தில் ஜனம் சிரித்தது. அத்தா பின்வரிசையில் நின்றுகொண்டு பார்த்தார்.